எல் ஆல்டோ, பதினாறு டிகிரி

இங்கே தண்ணீர் எண்பத்தேழிலேயே கொதித்துவிடும்.
உருளைக்கிழங்கு வேகாது. பொறுமைதான் வேகும்.
நான்காயிரம் மீட்டர் உயரத்தில் விமான நிலையம் கட்டியவர்கள்
ஓடுபாதையையும் நான்காயிரம் மீட்டர் நீளத்துக்கே போட்டார்கள்,
காற்றிடம் பட்ட கடனைத்
தரையில் அடைப்பதுபோல.

வரைபடத்தில் பென்சில் வைக்கிறேன்.
அடியில் வெப்பம். அங்கிருந்து நேர்மேலே, உயரக்கோடு வரை.
பிறகு வலப்பக்கம் திரும்பி
எடைக்கோடுகளின் சரிவில் வழுக்கி
காற்று, பாதையின் சாய்வு, ஈரம் எனப் படியிறங்கி
ஓர் எண்ணில் போய் முட்டுகிறது முனை.
முனை மழுங்கியிருந்தால்
கோட்டின் தடிமன் மட்டுமே இருநூறு கிலோ.
முதல் தேர்வில் நான் தோற்றது
அந்தத் தடிமனுக்குள்.

பிற்பகல் மூன்று மணி. பதினாறு டிகிரி.
சாந்தா குரூஸ் விமானத்தில்
ஒரு பித்தளை இசைக்குழு முழுசாக ஏறக் காத்திருக்கிறது:
ட்யூபாக்கள், தாளத்தட்டுகள், போம்போ முரசுகள்,
நாணயம் தைத்த உடைகளின் பெட்டிகள்.
ஃபெர்மின் டிகோனா என் விடையைத் தன் விடையோடு ஒப்பிட்டார்.
ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோ இறங்க வேண்டும்.

"விமானத்துக்கு என்ன கோளாறு?" என்று கேட்டாள் யென்னி கொல்கே.
ட்யூபா வாசிப்பவள், என் வயதுதான்.
ஒன்றுமில்லை, காற்றுதான் மெலிந்திருக்கிறது என்றேன்.
எஞ்சின் அரைவயிறு சாப்பிடுகிறது.
இறக்கைக்குப் பிடி கிடைக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும்.
கருவியில் முள் அதே எண்ணைத்தான் காட்டும்,
தரை மட்டும் கூடுதலாக ஓடும்,
டயரில் அச்சடித்த எல்லையை உரசும்வரை.

அவள் சிரித்தாள்.
"கீழே ஒரே மூச்சில் எட்டுத் தாளம் பிடிப்பேன்.
இங்கே ஐந்து."

ஐந்தின் கீழ் எட்டு.
எங்கள் பாடநூல் இரண்டு பக்கம் செலவழித்த
அடர்த்தி விகிதத்தை
உதட்டாலேயே அளந்து வைத்திருந்தாள்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
ஓட்டத்தின் நடுவே ஒரு வேகம் இருக்கிறது, வி-ஒன் என்போம்.
அதற்கு முன் எஞ்சின் ஒன்று செத்தால், நில்.
அதற்குப் பின் செத்தால், பற.
நிற்கவும் தரை போதவேண்டும்,
ஒற்றை எஞ்சினோடு மலையைத் தாண்டவும் ஏற்றம் போதவேண்டும்.
இறக்கி வைத்த முரசுகள் எல்லாம்
இன்று நடக்கப்போவதில்லை என்று
எல்லாருமே நம்புகிற ஒன்றுக்கான இடம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
உயரம் தெரிந்தபின்தான் எனக்குக் கால் நடுங்கியது.

காத்திருந்தோம்.
ஒரு டிகிரி இறங்கினால் நூற்றெண்பது கிலோ.
பதினான்கில் தாளத்தட்டுகளும் உடைப்பெட்டிகளும் ஏறின.
பன்னிரண்டில் மூன்று ட்யூபா.
வைனா பொடோசியின் பனி செம்பானபோது
குழுவினர் வெப்பமானியைச் சுற்றி நின்று
ஒவ்வொரு கோட்டுக்கும் கைதட்டினார்கள்.
குளிரை இப்படி வரவேற்று நான் பார்த்ததில்லை.

ஒன்பது டிகிரி. எல்லாம் ஏறிவிடும் என்றிருந்தபோது
காற்று திசைமாறியது. பின்காற்று, இரண்டு நாட்.
மறுபடி பென்சில்.
பதினொரு கிலோ மிஞ்சியது: ஒரு போம்போ.

"பதினொன்றுதானே, கோட்டைவிட மெல்லியது" என்றேன்.
"ஆமாம்," என்றார் ஃபெர்மின்.
பட்டியலில் அதை அடித்தார்.

விளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கியபடி ஓடியது விமானம்.
இன்னும் தரையில். இன்னும்.
கடைசிச் சிவப்பு விளக்குகளுக்குச் சற்று முன்னால்
முன்சக்கரம் எழுந்தது,
ஐந்து தாள மூச்சில்.

முரசு எங்கள் அறை நாற்காலியில் இருக்கிறது,
காலை விமானத்துக்கான சீட்டுக் கட்டியபடி.
பக்கத்தில் உட்கார்ந்து
பென்சிலைச் சீவுகிறேன்.